வாடகையில்லாக் கட்டடம்

அன்பு மகன் அஹ்சனுக்கு உம்மா எழுதுவது. உனக்கு என் சலாம். இங்கே வாப்பாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், சார்ஜாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் தலையைக் கொடுக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயெடுத்தால் 'சீக்கிரம் சொல்லும்மா, மேஸ்திரி கூப்பிடுதாரு' என்கிறாய், பக்கத்தில் வாப்பா இருந்தால் பாதியை அவரே பேசி முடித்துவிடுகிறார். அதைவிட, இந்த விஷயத்தைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேலத்தெரு துல்கர்னைன் லீவு முடிந்து திரும்புகிறான், அவன் பெட்டியில் இதை வைத்து அனுப்புகிறேன். அதே பையில் நார்த்தங்காய் ஊறுகாயும் வறுத்து இடித்த மல்லித்தூளும் இருக்கின்றன. ஊறுகாய் டப்பாவை முதலில் வெளியே எடு, எண்ணெய் கசிந்திருந்தால் கடிதத்தைக் காப்பாற்று. கடைசி வரி வரைக்கும் படிக்காமல் போனைத் தொடாதே, அது மட்டும் எனக்காக.

குற்றாலத்தில் இந்த வருடம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் வாப்பாவின் துண்டுக் கடையில் நிற்க இடமில்லை, அவர் முழங்கால் வலியையே மறந்துவிட்டார். ஊரெல்லாம் மழைக்குச் சந்தோஷப்படும்போது நான் மட்டும் வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு திரிகிறேன். காரணம் நம் ஊர் நூலகம். மாநிலம் முழுக்க ஒவ்வொரு நூலகத்திலும் என்ன சேவை நடக்கிறது, என்ன செலவாகிறது, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு நம் பகுதிக்குப் பாண்டி என்று ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனான். உறுப்பினர் எத்தனை, தினம் வருகிறவர்கள் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, பத்திரிகைக்கு என்ன செலவு, கரண்டுக்கு என்ன செலவு, கழிப்பறை உண்டா. ஊழியர் எத்தனை பேர் என்று கேட்டதும், எண்ணிக்கொள் தம்பி என்று எழுந்து நின்றேன், சிரித்துவிட்டான். நூலகர், உதவியாளர், காவலர், துப்புரவாளர் என்று நாலு கட்டம் இருக்கிறதாம். கதவைத் திறப்பது, கூட்டுவது, புத்தகம் கொடுப்பது, திரும்ப வராத புத்தகத்துக்கு வீடு வீடாக நடப்பது எல்லாம் இந்த சைதூன் பீவி ஒருத்திதான் என்று எழுத அதில் இடம் இல்லை. முதல் கட்டத்தில் ஒன்று போட்டான், மற்ற மூன்றிலும் பூஜ்யம்.

அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்து கட்டடம் வந்தது. சொந்தமா, வாடகையா, வாடகையில்லாக் கட்டடமா என்று கேட்டான், சொந்தம் என்றேன். கட்டடத்தின் நிலை என்ன என்றான். வாய்க்காலை ஒட்டிய பின்சுவரில் மேலிருந்து கீழே ஓடுகிற விரிசல் உனக்குத் தெரியும், அன்று அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டி வைத்திருந்தேன். காலண்டர் மறைத்தது பாதியைத்தான், மீதியைப் பாண்டி பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'அக்கா, தகுதியில்லாத கட்டடம்னு போட்டா இங்கன மறுநாளே பூட்டுதான். பொஸ்தகத்தை எல்லாம் வேற நூலகத்துக்கு அள்ளிட்டுப் போயிருவாங்க. சிறு பழுதுன்னு போடுதேன், ரிப்பேருக்காவது ரூவா வரும்லா' என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். என் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அதோடு சத்யபிரியாவை நினைத்துக்கொண்டேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் நயினாருடைய மகள், அரசாங்கத் தேர்வுக்குப் படிக்கிறாள். சீசனில் அவர்கள் வீட்டின் முன் அறையைக் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள், அவளுக்கு உட்கார்ந்து படிக்க நூலகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அவளைப் போல இன்னும் நாலைந்து பெண் பிள்ளைகள் வருகிறார்கள்.

அந்த விரிசலைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருந்தேன், நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. 'விரிசலுக்குக் குறுக்க ஒரு தாளை இறுக்கி ஒட்டி வைம்மா. கிழிஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். கிழிஞ்சதைப் பாத்தா ஒரு நிமிசம் உள்ள நிக்காத' என்றாய். நூலகத்தில் தாளுக்கா பஞ்சம், புத்தகத்தின் பின்னால் ஒட்டுவோமே திருப்பித் தரும் தேதி போடுகிற சீட்டு, அதில் ஒன்றை எடுத்து மைதாப் பசை தடவிக் குறுக்கே ஒட்டினேன். அன்றிலிருந்து காலையில் கதவைத் திறந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அந்தச் சீட்டைத்தான் போய்ப் பார்ப்பேன். பார்க்கும்வரைக்கும் மூச்சே விடமாட்டேன். நான் எத்தனை பெரிய பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும், பல்லி விழுந்தால் எழுந்து ஓடுகிறவள். நாளாக நாளாகச் சீட்டு அப்படியே இருந்தது, எனக்கும் பயம் கொஞ்சம் தெளிந்தது.

அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டார்களே, அந்த வாரத்தில் வாய்க்கால் தண்ணீர் பின்சுவரின் அடியை உரசிக்கொண்டு போனது. உள்ளே உட்கார்ந்தால் காலுக்கடியில் அது ஓடுவது போலச் சத்தம் கேட்கும். ஒருநாள் காலையிலேயே மழை பிடித்ததால் நான் போவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவசரத்துக்கென்று நான் இன்னொரு சாவி கொடுத்திருந்த சத்யபிரியா எனக்கு முன்பே திறந்து, மற்றப் பிள்ளைகளோடு பின்சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஓடுகிற ஒரே காற்றாடி அங்கேதான் இருக்கிறது. நான் குடையை மடக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன், சீட்டு இரண்டாகக் கிழிந்திருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே. சுவர் விழப்போகிறது என்று சொன்னால் எந்தச் சுவர், எப்போது என்று நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அதற்கெல்லாம் நேரம் இல்லை என்று தோன்றியது. பாம்பு, பாம்பு என்று கத்திவிட்டேன். ஒரு பிள்ளை செருப்பைக்கூட எடுக்கவில்லை, எல்லாரும் ரோட்டில் போய் நின்றார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரி. அருவியில் தடை என்பதால் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு வேலை இல்லை, எதிர் டீக்கடையில்தான் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாம்பு என்றதும் நயினார் ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் மூன்று பேர் வந்தார்கள். 'அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க, மலைத் தண்ணியோட வந்திருக்கும், நாங்க பாத்துக்கிடுதோம்' என்று உள்ளே போய் அலமாரியை நகர்த்தினார்கள், பொந்து இருக்கிறதா என்று அந்தச் சுவரையே கம்பால் இடித்தார்கள். ஒவ்வொரு இடியும் என் நெஞ்சில் விழுந்தது. கடைசியில் உள்ளே ஓடி நயினாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, பாம்பு இல்லை, சுவர்தான், வெளியே வாருங்கள் என்று அழுதேன். வெளியே வந்து அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இதை மொதல்லயே சொல்லப்படாதா, எம் மவ உள்ளல்லா இருந்தா' என்று ஒரு வார்த்தை கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காலண்டரை மாட்டியது நான்தானே.

அன்றே கதவைப் பூட்டினேன், பாண்டிக்குப் போன் போட்டு அந்தக் கணக்கை மாற்று, தகுதியில்லாத கட்டடம் என்று போடு என்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தலாம், ஆனால் நூலகம் எங்கே மாறுகிறது என்று ஒரு முகவரி கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காவிட்டால் வேறு நூலகத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்றான். இடம் தேடி அலைந்தேன். சீசனில் நம் ஊரில் கூரை என்று ஒன்று இருந்தால் அதற்கடியில் வெளியூர்க்காரர்கள் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மாட்டுக்கொட்டகையைக்கூடக் கழுவி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஜமாஅத் மண்டபத்தில் கல்யாணங்கள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பாண்டி மறுபடி கூப்பிட்டான், 'அக்கா, அட்ரஸ் சொல்லுதீங்களா, விட்டுரட்டுமா' என்றான். நம் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டேன். மாடி என்று சொன்னேன். வாடகை எவ்வளவு என்றான், வாடகையில்லாக் கட்டடம் என்று போடு தம்பி என்றேன்.

இதற்குத்தான் இத்தனை சுற்று. உன் மாடிதான், அஹ்சனே. நீ அங்கே சாரத்தில் நின்று சம்பாதித்துக் கட்டியது, போனில் பார்த்துப் பார்த்து நிறம் சொல்லிப் போட்ட டைல்ஸ், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில். கட்டிலைச் சுவரோரம் நிறுத்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் நாலு அலமாரி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்டிருக்கலாம், நேரம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியும். உண்மை அதுவல்ல, கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். வாப்பா கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, 'ஏட்டி, எம் மவன் வெந்து கட்டுன வீட்டை ஊருக்குத் தூக்கிக் குடுத்துட்டியா' என்று கத்தினார், அன்று முழுக்க நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. மறுநாள் அவரே கடையில் விற்காத கால்மிதிகளைக் கொண்டுவந்து படிக்கட்டு முழுக்க விரித்தார், டைல்ஸில் சகதி ஆகிவிடக் கூடாதாம். பிள்ளைகள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறார்கள். உன் குளியலறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. மழை ஓய்ந்து வாய்க்காலும் வடிந்துவிட்டது. கடைக்குப் போனால் 'என்ன நூலகத்தம்மா, சுவரு நிக்குதுல்லா' என்று கேலி பேசுகிறார்கள். விழவில்லை என்றால் பயத்தில் நூலகத்தைப் பூட்டிய பைத்தியக்காரி நான்தான். விழுந்தால், அந்தப் பக்கம் யாரும் நடந்து போகாமல் இருக்க வேண்டுமே என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் தினமும் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். இன்னொரு பயமும் இருக்கிறது. சமீனா வீட்டார் சீசன் முடிந்ததும் வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மாடி ஏறும்போது உன் கட்டிலுக்கு முன்னால் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்களோ, அதனால் உன் சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்றுதான்.

இதோடு ஒரு சம்மதக் கடிதம் வைத்திருக்கிறேன், வீடு உன் பெயரில் இருப்பதால் உரிமையாளர் கையெழுத்து வேண்டுமாம். கையெழுத்துப் போட்டுப் போட்டோ அனுப்பினால் போதும் என்று பாண்டி சொன்னான். போட மனம் இல்லை என்றால் போடாதே, எனக்காகப் போடாதே. வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் அலமாரிகளை இறக்கிவிடுவேன், சம்மதம் இல்லை என்று பாண்டிக்கும் சொல்லிவிடுவேன், உன்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் வராது. நீ சரி என்றால், சென்னையில் வாடகையில்லாக் கட்டடங்கள் இத்தனை என்று ஒரு எண் போடுவார்கள், அதற்குள் ஒன்று நீ கட்டிய மாடி என்று அங்கே யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எத்தனை நாளைக்கு இங்கே என்று கேட்டார்கள், என் மகன் வருகிற வரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. சாரத்தில் ஏறும்போது பெல்ட்டை மாட்டாமல் ஏறாதே, ஒரு சுவரைப் பார்த்தே உன் உம்மா பாதி ஆகிவிட்டாள் என்பதை மறக்காதே. ஐந்து வேளையும் உனக்காகத் துஆ செய்கிறேன், அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பானாக, உன் கைக்கு பரக்கத்தைத் தருவானாக. நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு தடவை பேசும்போதும் எப்போது வருவாய் என்று கேட்காமல் நான் போனை வைத்ததில்லை, நீ சலித்துக்கொள்வாய். இந்தத் தடவை அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் கேட்காமலே முடிக்கிறேன்.

உன் உம்மா,
சைதூன் பீவி