ஐம்பத்திரண்டாவது சுற்று

அன்புள்ள பிஸ்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவின் அந்தப் பழைய சிவப்பு வண்டியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் விடிகிறது எனக்கு. தொட்டிலில் ஓயாமல் காலை உதைத்தாய் என்று அப்பா வைத்த பெயர் இது, நாற்பது வயதில் இப்படிக் கூப்பிடலாமா என்று அங்கே யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பிடுங்கிக்கொள்வார், அவரை வைத்துக்கொண்டு பேசுகிற சங்கதியும் இல்லை இது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம் ஆகியும் வரவில்லை. ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நூலகத்து மாடியில் மோட்டார் வண்டியின் கதை என்று ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், அப்பாவைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கவா வேண்டும், ஒரு மாதமாக வீட்டில் அதே பாட்டுத்தான். ஆதியில் ஒரு தேசத்தில் இயந்திர வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்று சட்டமே இருந்ததாம். பிறகு ஊருக்கு ஊர் பந்தயம் வந்ததாம், முன்னால் போனவன் கிளப்பிய புழுதியில் பாதை தெரியாமல் பின்னால் வந்தவன் மரங்களின் உச்சியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினானாம், ஆட்கள் மேல் ஏறி உயிர்ச்சேதம் ஆன பிறகுதான் ஓர் இடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுகிற வழக்கம் வந்ததாம். காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன், கேட்கக் கேட்கக் கண் சொருகும், தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலையில் அந்தப் புழுதியும் மரங்களும் என் சமையலறைக்குள் போய்க்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது அந்தப் பெண்ணின் கதைதான். மோட்டார் வண்டியைச் செய்தவரின் பெண்டாட்டி, புருஷன் எழுந்திருக்கும் முன்னே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வண்டியோடு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம், பெட்ரோல் கடை ஏது அப்போது, வழியில் மருந்துக்கடையில் எரியெண்ணெய் வாங்கி ஊற்றி, எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டு, சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் புருஷனுக்குத் தந்தி அடித்தாளாம். அப்பா இதைச் சொன்ன அன்றைக்கு எனக்குக் கத்தி ஓடவில்லை. அவள் புருஷனுக்குச் சொல்லாமல் செய்ததை அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். நான் நாற்பத்தொரு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

உனக்கு அலமாரியில் இருக்கும் கோப்பை தெரியும், குழந்தையில் நீ அதில் பொம்மையைக் குளிப்பாட்டுவாய். பழைய விமான ஓடுதளத்தில் நடந்த மூன்று மணி நேரப் பந்தயத்தில் அப்பா ஜெயித்தது. எத்தனையோ பந்தயம் ஓட்டினார், ஜெயித்தது அந்த ஒன்றுதான். அந்தக் காலத்தில், நீ இப்போது பந்தயங்களில் செய்கிற நேரக் கணக்கு வேலை மாதிரி, வண்டிக்குள் ஒரு கருவியை வைத்து விநாடியை ஆயிரமாக உடைத்துச் சொல்கிற வித்தையெல்லாம் ஏது. தகரக் கொட்டகையில் ஒரு நீள மேஜை, எதிரே பெரிய கடிகாரம், கணக்கு எழுதும் ஆளுக்கு ஒரு வண்டி. அது கடக்கும்போதெல்லாம் மணியைப் பார்த்துத் தாளில் ஒரு வரி, சுற்று எண்ணும் நேரமும், எழுத வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வண்டியை வீட்டுக்காரி எழுதக் கூடாது என்று கண்டிப்பு, அதனால் எனக்குக் கிடைத்தது அப்பாவின் சிநேகிதர் நம் அச்சாபீஸ் மாமாவின் பச்சை வண்டி. இரண்டு நிமிஷம் எட்டு விநாடிக்கு ஒரு தரம் வரும். வெயிலில் தரை தண்ணீர் மாதிரி அசையும், அதிலிருந்து முதலில் நிறம் வரும், அப்புறம் சத்தம், அப்புறம்தான் வண்டி. ஐம்பத்தொன்று எழுதினேன். அப்போது நீ உதைத்தாய். முதல் உதை. எனக்கு ஐந்து மாதம். பேனாவை வைத்துவிட்டு வயிற்றில் கையை வைத்துக் குனிந்தேன், மறுபடியும் உதைத்தாய், உலகத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது பச்சை வண்டி கடந்தது, மணியைப் பார்த்து எழுதினேன். ஐம்பத்திரண்டு.

முடிவில் அப்பாவுக்கு எண்பத்து நாலு சுற்று, மாமாவுக்கு எண்பத்து மூன்று. மாமாவின் ஆட்கள் தாங்கள் சுற்றுக் கணக்கு வைத்த பலகையிலும் எண்பத்து நாலு இருக்கிறது, முன்னால் வந்தது எங்கள் வண்டிதான் என்று சண்டைக்கு வந்தார்கள். மாமாதான் அடக்கினார். காகிதத்துல வந்தா வந்ததுதான்யா, அச்சாபீஸ் வச்சிருக்கிற நானே அதை நம்பலேன்னா எப்படி என்று சிரித்துவிட்டு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். நான் கொட்டகையில் என் தாளைப் பார்த்தேன். எல்லா வரிக்கும் நடுவில் இரண்டு நிமிஷச் சொச்சம், ஐம்பத்திரண்டாவது வரிக்கு மட்டும் நான்கு நிமிஷம் பதினாறு விநாடி. பெட்ரோல் போட நின்றிருப்பார் என்று பந்தயம் நடத்திய பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் நிற்கவில்லை, நான் குனிந்திருந்தபோது ஒரு தரம் கடந்து போயிருக்கிறார் என்று எனக்கல்லவா தெரியும்! எழுந்தேன், அந்த நேரம் பார்த்து அப்பா மேடையாக நிறுத்தியிருந்த லாரி மேல் நின்று கோப்பையை என் பக்கம் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் கிரீஸ், பல் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை. தாளுக்கு அடியில் இருந்த கார்பன் நகலை மடித்துக் கைப்பையில் போட்டவள்தான்.

இப்போது கண்காட்சியில் அந்தக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஜெயித்தவர் என்று அப்பா பெயரை எழுதப் போகிறார்கள், மாமாவையே திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, ஆனாலும் சரி என்றாராம். என்னால் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை, சாப்பிட்டு முடித்த தட்டை எடுக்காமல் அந்த நகலை அப்பா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தரம் படித்தார், போதும், உடனே புரிந்துகொண்டார். அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன் என்று ஒரு கத்துக் கத்தினார். அப்புறம் இரண்டு நாள் அலமாரியிலிருந்து கோப்பையை எடுப்பதும் துடைப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். நேற்று மத்தியானம் நம் வீட்டுக் கொட்டகையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வாசலில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே, பலமா உதைச்சாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்று காலை கோப்பையைத் துண்டில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குக் கிளம்பிப் போனார். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட சிநேகிதம், என்னால் முறிந்துவிட்டால் நான் என்ன செய்வேன் சொல்லு.

இரு, சத்தம் கேட்கிறது. நம் வண்டிதான்.

அடியே, ஓட்டுவது மாமா! அப்பா பக்கத்தில் கோப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் நிற்பார்கள் என்று எழுந்தேன், நிற்காமல் போய்விட்டார்கள். தபாலாபீஸ் பக்கம் திரும்புகிற சத்தம், பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக வருகிற சத்தம், இதோ மறுபடியும். மாமாவுக்குக் கை நடுங்கவே இல்லை. போகிற போக்கில், எழுதிட்டியாம்மா என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார், அப்பா தலையைப் பின்னால் சாய்த்து லாரி மேல் நின்றபோது சிரித்த அதே சிரிப்புச் சிரிக்கிறார். நான் பேனாவைத் தூக்கிக் காட்டினேன். இந்தத் தாளின் ஓரத்தில் இருப்பது கிறுக்கல் இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு. கண் கலங்கித்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன் காரில் பிரேக் கிறீச்சென்று கத்துகிறது என்றாயே, நாளைக்கு என்று தள்ளாமல் காட்டிவிடு. வேலை மும்முரத்தில் வேளைக்குச் சாப்பிட மறக்காதே. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நீ உதைத்தாய், நான் கண்ணை எடுத்தேன், அவ்வளவுதான். மறுபடி வருகிறார்கள், வைக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
பச்சை வண்டிக்குக் கணக்கு எழுதுகிற
உன் அம்மா