ஜீப்புக்கு ரெண்டு இன்ச்

ஜெனிட்டா,

அப்பா நெஞ்சுவலியில் இறந்துபோவதற்கு முந்தின சாயங்காலம், மலைப்பாறை ஏற ஜீப்பின் உயரத்தை எவ்வளவு தூக்கலாம் என்று பார்க்க, அதன் படிமேல் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஷூ சோல்களை அடுக்கி என்னை ஏறச் சொன்னார். மூன்று இன்ச் ஆனதும் என் முழங்கால் மடங்கவில்லை. உடனே ஒரு இன்ச்சை எடுத்துவிட்டார்.

“ரெண்டே போதும் மெர்சி. பேரணாம்பட்டு மலைக்கு நான் மாசத்துல ஒரு நாள் போவேன். நீ தெனம் ஏறணும்ல?”

பாறை ஏறும் ஆசையை என் முழங்காலுக்குத் தக்கபடி குறைத்துக்கொண்ட மனுஷன். நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். நேற்று நீ சண்டை போட்டுக் கேட்ட நாலு இன்ச் வேண்டாம். இரண்டு இன்ச் தூக்கச் சொல். சாவி ஃபிரிட்ஜ் மேல்.

அம்மா

கோபம் இருந்தாலும் சாப்பிடு, கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. சாயங்காலம் நீயே ஜீப்பில் வந்து என்னைக் கூட்டிப் போ. கம்பெனி இப்போதும் ஆறு மணிக்குத்தான் விடுகிறது.