வார்த்தைக்கு வார்த்தை

15 செப்டம்பர் 1942, செவ்வாய்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் தம்பி சூசைக்கு இன்று சிறைத்தண்டனை. வேலையைவிட்டு நிறுத்திய துரையிடம், "போயிட்டு வாரேன் தொரை" என்று கும்பிட்டுவிட்டு வந்தான். அன்றிரவே துரை சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கி எரிந்தது. அவன் சொன்னதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர், "திரும்பி வருவேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி அதை மிரட்டல் என்று எழுதிக்கொண்டார்.

எழுந்து கத்தினேன்: "பொறவு எப்படிச் சொல்லுவான் அண்ணாச்சி? 'போறேன்'னு சொல்ல அது என்ன எழவு வீடா?"

மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏளா, அவன் சொன்ன வார்த்தையத்தான் சொன்னேன். நான் ஒண்ணும் கூட்டலை."

அவரும் இந்த ஊர்க்காரர்தான். காலையில் பெண்டாட்டியிடம் என்ன சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்? அவளையும் மிரட்டுகிறாரா? நாளை அவர் கிளம்பும் நேரத்துக்கு அவர் வாசலில் போய் நிற்பேன்.