மிளகாய்க் கையும் என் உதடும்

மார்ச் 3

மாரீஸ்வரனுக்கு இன்று புதுப் பெயர் சூட்டினேன்: மோரீஸ்வரன்.

காரணம் இருக்கிறது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவன் குழு போகிறது. தலைப்பு, மிளகாய் எரிச்சலுக்கு மருந்து. ஐந்து பையன்கள் மணிக்கட்டில் மிளகாயைத் தேய்த்து, மோரில் கழுவி, "போயே போச்சு" என்று முடிவு எழுதிவிட்டார்கள். இந்த ஊரில் மிளகாய் பறிப்பது பெண்கள். ஒரு பெண்ணின் கையாவது அதில் உண்டா? கேட்டேன். "நீங்கள்லாம் அழுதுருவீங்க" என்றான்.

ஆகவே, அறிவியல் சார் இமானுவேலிடம் அவர்கள் செய்து காட்டுமுன் சொம்பை மாற்றிவிட்டேன். மோர் என் வயிற்றில். சொம்பில் அரிசி மாவு கரைத்த தண்ணீர். ஐந்து பேரும் கழுவிவிட்டு ஒரே குரலில்: "குளுகுளுன்னு இருக்கு சார்!"

மார்ச் 4

சொம்பில் மாற்றியதை ஒப்புக்கொண்டேன். வகுப்பே சிரித்தது, சார் தவிர.

"கவுக்கத் தெரியுதுல்ல? நிமித்தியும் காட்டு. மாரீசும் நீயும் சேந்து சரியாச் செய்யுங்க. இல்லேன்னா நம்ம பள்ளிக்கூடம் கண்காட்சிக்கே போகாது."

வெளியே வந்ததும் மாரீஸ் பொரிந்தான்: "ஒங்கம்மா மிளகாய் பறிக்குது, அதான் நீ ஒரு பக்கமாப் பேசுற. சயின்ஸ்ல பக்கம் பாக்கக் கூடாது மது."

ஐந்து கையும் பையன்கள் கை என்றால் அது பக்கம் இல்லையாம். ஆறாவதாக ஒரு கையைக் கேட்டால் பக்கமாம். எந்த ஊர்க் கணக்குடா இது?

இந்தப் பதில் அங்கேயே தோன்றியிருக்கலாம். சோறு தின்னும்போது தோன்றுகிறது. ச்சே.

மார்ச் 6

மாரீஸை இழுத்துக்கொண்டு மிளகாய் வயலுக்குப் போனேன். "எரிச்சல் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று ஆரம்பித்தான். அம்மாவோடு பறிக்கிற பூமயில் அக்கா சிரித்தார்.

"ஏலே, எரிச்சல் எங்களுக்குப் பழகிப்போச்சு. இந்தக் கையோட எம்புள்ளையத் தூக்கலாமா? அதக் கண்டுபிடி."

ஆறு மாதப் பிள்ளை. நேற்று, கழுவிய கைதானே என்று கன்னத்தைத் தொட்டிருக்கிறார். வீறிட்டு அழுததாம், கன்னம் சிவந்துவிட்டதாம். பால் கொடுக்கும்போதுகூட மாமியார்தான் பிடித்துக்கொள்கிறாராம்.

தப்பான கேள்வியைச் சுமந்து திரிந்திருக்கிறோம். நானும்தான். அதே மோரைப் பெண்கள் கையில் ஊற்றினால் போதும் என்றுதானே நினைத்தேன்?

மார்ச் 7

பிள்ளையை வைத்துச் சோதிக்க முடியாது. மெல்லிய தோல் வேறென்ன? உதடு. யார் உதடு? எனக்குத்தான் வாய் நீளம் என்று ஊரே சொல்கிறதே!

"ஒருத்தி ஒதட்ட மட்டும் நம்ப முடியாது" என்று மாரீஸும் சேர்ந்தான். மோரீஸ்வரன் பட்டத்தைத் தற்காலிகமாகத் திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 11

மூன்றாவது சாயங்காலம். வயலிலிருந்து வருகிற பெண்கள் கையைக் கழுவிவிட்டு எங்கள் உதட்டில் விரல் வைக்கிறார்கள். நாலு விதம்: வெறும் தண்ணீர், மோர், அம்மா தினமும் தடவுகிற நல்லெண்ணெய். நாலாவது மாரீஸ் யோசனை, எண்ணெய் தேய்த்து அதன்மேல் பாத்திரம் விளக்குகிற சோப்பு. "எண்ணெய் காரத்த இழுக்கும். இழுத்தத வெளியேத்தணும்ல?"

எதற்காக, எப்படி என்று பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை சொம்பு மாற்றும் வேலை இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டிருப்பது நாங்கள் மட்டும். யார் எதில் கழுவினார் என்பது தோழி ஜெயப்பிரியாவுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் முதல் விரலுக்கே மாரீஸ் துள்ளினான். "அழாதடா" என்றேன். அடுத்த விரலுக்கு நான் அழுதேன்.

மார்ச் 12

ஜெயப்பிரியா வாசித்தாள். எண்ணெயும் சோப்பும் முதல். மோர் சுமார். அம்மாவின் நல்லெண்ணெய் கடைசி — வெறும் தண்ணீருக்கும் கீழே!

கடைசியை மட்டும் ஒரு படி ஏற்றி எழுதினால் என்ன? அம்மாதானே? ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் இல்லை, நிஜமாகவே யோசித்தேன். அப்புறம் பூமயில் அக்கா அதை நம்பி எண்ணெயைத் தடவிக்கொண்டு பிள்ளையைத் தொட்டால்?

அம்மாவிடமே சொன்னேன். "அதான் இத்தன நாளு காந்தலோடயே எந்திரிக்கேனா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எழுதுடி. என்னியத் தோக்கடிச்சே எழுது."

யாரைக் கேட்பது, எதைக் கேட்பது, அதில் நான் பக்கம் பார்ப்பேன். பார்த்தே தீருவேன். பதிலில் பார்க்க மாட்டேன். மாரீஸ், கேட்டுச்சாடா?

மார்ச் 13

உதடு இன்னும் வீக்கம். மூன்று பேர் அழகாக இருக்கிறது என்றார்கள்.

மார்ச் 22

கண்காட்சி, இராமநாதபுரம். நடுவர் ஒருவர், "பொம்பளைங்க விஷயம்னா சமூக அறிவியல்ல வச்சிருக்கலாமே" என்றார். நான் வாயைத் திறக்குமுன் மாரீஸ் மிளகாயைக் கசக்கி விரலை நீட்டினான். "ஒதட்டக் குடுங்க சார். எந்தப் பாடம்னு நீங்களே சொல்லுங்க."

மூன்றாம் பரிசு. அந்த விரல் இல்லையென்றால் இரண்டாவது கிடைத்திருக்கும். பரவாயில்லை.

சாயங்காலம் சான்றிதழைக் காட்டப் பூமயில் அக்கா வீட்டுக்கு ஓடினேன். இன்றும் பறிப்புக்குப் போய் வந்திருந்தார். நீட்டினேன், வாங்கவில்லை.

"அங்கன வையிடி மது, கை சும்மாவா இருக்கு?"

இரண்டு கையிலும் பிள்ளை. அவர் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு.