கவிழ்த்து வைத்த டம்ளர்

8 ஜனவரி 2025, புதன்

காலையில் கைலாசம் கூப்பிட்டார். எங்கள் நெல்லைத் திரை விமர்சகர் வட்டத்தின் தலைவர். போன வருடப் படங்களில் ஐந்து, விருதுக்குத் தேறியிருக்கின்றனவாம். படித்துக் காட்டினார்.

"பத்தொம்பது, ஞாயித்துக்கிழமை. அதே லாட்ஜு, அதே காப்பி. வந்து சேரும் வே. பொங்கக் கரும்பு பல்லுல சிக்கிட்டுன்னு சாக்கு சொல்லாதீரும்."

பட்டியலில் 'வெட்டுப்பாறை'யும் இருக்கிறது. மனை விற்பனை செய்யும் முத்துமாலை அண்ணாச்சி தன் மகனைக் கதாநாயகனாகப் போட்டு எடுத்த படம். எங்கள் விருது விழாவுக்கு மண்டபமும் சாப்பாடும் வருடாவருடம் அவர்தான். திருநெல்வேலி என்றால் அரிவாள் என்று சென்னைக்காரன் படம் எடுத்தால் நாம் கோபப்படுகிறோம். நம்மூர்க்காரரே எடுத்தால் பட்டியலில் வைக்கிறோம்.

'கச்சான் நாள்கள்' கடைசியில் இருக்கிறது. மாலைப் பத்திரிகையில் நான் அதைப் பற்றி எழுதியது இரண்டு பத்தி. இன்று எடுத்துப் படித்தேன். கூடுதலாகப் புகழ்ந்துவிட்டேனோ? முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்குச் சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை.

11 ஜனவரி, சனி

அபிஷா வந்திருந்தாள். 'கச்சான் நாள்கள்' எடுத்த பெண். கூத்தங்குழிக் கடற்கரை; கச்சான் என்பது அங்கே மேல்காற்றுக்குப் பெயர். அப்பா அருளப்பன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா ஃபிளோரா மீன் விற்கிறவர். அந்த அம்மாதான் படத்தில் மீன்காரியாக நடித்ததும்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சார், எனக்குக் கேடயம்லாம் வேண்டாம். அந்த ஒரு வாரம்தான் வேணும்."

எங்கள் விருது பெறும் படத்தை ஜங்ஷன் பக்கத்துப் பழைய தியேட்டரில் ஒரு வாரம், மாலை ஆட்டமாக ஓட்டுவார்கள். எங்கள் விருதால் யாருக்காவது ஒரு பயன் உண்டென்றால் அது ஒன்றுதான்.

"நடிச்சது பூரா எங்க ஊரு பொம்பளைங்க சார். படம் போட்டதோ காலை ஆட்டம், அதுவும் நாலு நாளு. அந்நேரம் அவங்க சந்தையில பெட்டியோட இருப்பாங்க. எங்கம்மாவே பாக்கல. போன்ல காட்டுனா, 'இத்துனூண்டுல என் மூஞ்சியே எனக்குத் தெரியல, பெரிசா வரட்டும், அப்பம் பாத்துக்கிடுதேன்'னுட்டா."

என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

அவள் போனதும் என் மனைவி சீதா உள்ளேயிருந்து கேட்டாள்: "நீங்களா? பால்ல தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு பால்காரன்ட்ட சொல்ல மாட்டேள். நீங்க போய் முத்துமாலை படத்தை வேண்டாம்னு சொல்லப்போறேளாக்கும்."

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். இந்த வருடம் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஃபர்ஹத் மேலப்பாளையத்திலிருந்து போன் செய்தாள். யூடியூபில் விமர்சனம் செய்கிற பெண். "அதென்ன சார் டம்ளர் கதை? கைலாசம் சார்ட்ட கேட்டா சிரிக்காரு."

விளக்கினேன். விளக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முன்பு ஒரு வருடம் விருதுக் கூட்டத்தில் இரண்டு உறுப்பினர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து வாய்ப்பேச்சே கிடையாது. எல்லோர் முன்னாலும் காப்பி வரும். தலைவர் ஒவ்வொரு படமாகப் பெயர் சொல்வார். வேண்டாம் என்கிறவர் டம்ளரைக் காலி செய்து கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அந்தப் படம் போயிற்று. காரணம் சொல்லக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது. ஒருவருக்கு ஒரு டம்ளர்தான். கவிழ்த்ததை நிமிர்த்த முடியாது. எந்தப் படத்தின் பெயருக்கு ஒரு டம்ளரும் கவிழவில்லையோ அதற்கே விருது, அதோடு கூட்டம் முடிந்தது. பத்திரிகைக்கு 'ஒருமனதாக' என்று எழுதிக் கொடுப்போம்.

"எதிர்க்கிறதுக்குக் கூட எந்திரிக்க வேண்டாம், என்னா சார்?" என்று சிரித்தாள்.

என்னைப் போன்றவர்களுக்காகவே செய்த ஏற்பாடு. ஆனாலும் இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கவிழ்த்ததில்லை. ஆறவைத்து ஆறவைத்துக் குடித்துக்கொண்டே இருந்துவிடுவேன்.

17 ஜனவரி, வெள்ளி

யோசித்துவிட்டேன். படங்களை வெளியான தேதி வரிசையில்தான் எடுப்பது வழக்கம். முதல் இரண்டும் நிற்காது. அவற்றை யார் யார் கவிழ்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது 'வெட்டுப்பாறை', தீபாவளிக்கு வந்தது. அதை யாரும் தொடமாட்டார்கள். முத்துமாலையின் மைத்துனர் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார், அவர் எதிரில் யார் தொடுவார்கள்? அங்கேயே விருது முடிந்துவிடும். ஆகவே மூன்றாவதில் நான் கவிழ்க்க வேண்டும். நான்காவது படத்தை ஃபர்ஹத் வெளிப்படையாகவே திட்டியிருக்கிறாள். பிறகு மிஞ்சுவது அபிஷாவின் படம்தான்.

கைலாசத்தை நம்புவதற்கில்லை. விழாச் சாப்பாட்டுக்கு முத்துமாலையிடம் கைநீட்டுகிறவர் அவர்தானே.

சமையலறையில் ஒரு டம்ளரை எடுத்துச் சத்தம் வராமல் கவிழ்த்துப் பார்த்தேன். சீதா, "என்ன பண்றேள்?" என்றாள். தாகம் என்றேன்.

19 ஜனவரி, ஞாயிறு

கவிழ்த்துவிட்டேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

20 ஜனவரி, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு நேர் எதிரே முத்துமாலையின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் கை எழாது என்று தெரியும். அதனால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் படம் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. இரண்டும் நான் நினைத்த ஆட்களாலேயே. கணக்குச் சரியாகப் போகிறது என்ற ஒரு திருப்திகூட வந்தது. மீதிக் காப்பியை ஒரே வாயில் குடித்தேன், தொண்டை பொத்துப்போயிற்று. கைலாசம் மூன்றாவது பெயரைச் சொன்னார். அவர் குரல் வந்தது தெரியும். என்ன பெயர் என்று நான் கவனிக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே! குரல் நின்றதும் கவிழ்த்தேன்.

பக்கத்தில் இருந்த ஃபர்ஹத் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். மைத்துனர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. கைலாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாக, "சரி. 'கச்சான் நாள்கள்' போச்சு. அடுத்தது, 'வெட்டுப்பாறை'" என்றார்.

அவர் வரிசையை மாற்றியிருந்தார்.

வாய் திறக்க நேரம் இருந்தது. தவறு நடந்துவிட்டது, நான் நினைத்தது அது அல்ல — இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. என்ன ஆகியிருக்கும்? கவிழ்த்ததை நிமிர்த்தக் கூடாது என்று மைத்துனர் சண்டைக்கு வந்திருப்பார். அப்படியானால் எதைக் கவிழ்க்க வந்தீர் என்று கேட்டிருப்பார். வரட்டுமே! கேட்கட்டுமே! நான் கவிழ்ந்த டம்ளரின் அடியில் பொறித்திருந்த லாட்ஜ் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

'வெட்டுப்பாறை'க்கு ஒரு டம்ளரும் கவிழவில்லை; ஃபர்ஹத்கூடக் கவிழ்ந்த என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். ஒருமனதாக.

21 ஜனவரி, செவ்வாய்

கைலாசம் போன் செய்தார். காரணம் கேட்கக் கூடாது என்பது அவருக்கும் விதிதான். கேட்கவில்லை. ஆனால் மனது ஆறவில்லை போலும்.

"அந்தப் பிள்ளை படத்தை மூணாவதா ஏன் எடுத்தேன்னு நெனைக்கீரு? முத்துமாலை படத்துக்கு முன்னால வந்துட்டா, ஒருத்தரும் கவுக்கலைன்னா அங்கனயே முடிஞ்சிரும்லா. வெட்டுப்பாறை பேரையே சொல்ல வேண்டாம். அவரு கேட்டா, 'நான் என்ன அண்ணாச்சி செய்ய, உம்ம படம் வாறதுக்குள்ள கடை அடைச்சிட்டு'ன்னு சொல்லிக்கிடலாம். ஒருத்தரும் தொடமாட்டாவன்னு எனக்குத் தெரியும். மைத்துனன்கூட அவன் டம்ளரை ரெண்டாவது படத்துக்கே கவுத்துட்டாம்லா. உம்ம மேல எனக்குச் சந்தேகமே வரல வே. நீரு எழுதினதைப் படிச்சிட்டுத்தான் நான் அந்தப் படத்தையே பாக்கப் போனேன்."

போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினேன்.

"சரி, உமக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்கும். மொத மொதல்ல கவுத்திருக்கீரு. நல்லா இரும்" என்று வைத்துவிட்டார்.

ஒரு மனிதரை நம்பியிருந்தால் போதும். வெறுமனே உட்கார்ந்து காப்பி குடித்திருந்தால் போதும். எல்லா வருடமும் செய்ததை இந்த வருடமும் செய்திருந்தால்!

9 பிப்ரவரி, ஞாயிறு

விழா. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். முத்துமாலை மேடையிலிருந்து இறங்கி வந்து எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். காதோடு சொன்னார்: "சார், கேள்விப்பட்டேன். படிச்சவரு படிச்சவருதான். பேப்பர்ல ஒண்ணு எழுதுனாலும் எடத்துல வந்து நியாயத்தைச் செஞ்சிட்டிய."

சாப்பாட்டில் இரண்டு பாயசம். சாப்பிட்டேன்.

10 பிப்ரவரி, திங்கள்

ஃபர்ஹத் தன் சானலில் விருதைக் கிழித்திருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு பெரியவர்" என்று மட்டும். கைலாசம் அவளை வட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். வாய்ப்பேச்சுக் கூடாது என்பது விதி.

16 பிப்ரவரி, ஞாயிறு

அபிஷா வந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் எனக்குக் கொல்லைப்புறம் போய்விடலாமா என்றிருந்தது. சீதா அதற்குள் உள்ளே கூப்பிட்டு உட்கார்த்திவிட்டாள்.

சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் கேட்டுக்கொள்வது, திட்டி முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனத்துக்குள் தயாராகக்கூட ஆனேன். அவள் திட்டவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எனக்கு வருத்தமெல்லாம் இல்ல சார். மொதல்ல இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். பேப்பர்ல பாராட்டி எழுதுனவரு, ரெண்டாவது வாட்டி யோசிச்சிட்டு வேண்டாம்னா, எங்கயோ பெரிய தப்பு இருக்கணும்லா. அதை மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிடுதேன்."

ஒரு தப்பும் இல்லையம்மா. இதைச் சொல்ல வேண்டும். பிறகு ஏன் கவிழ்த்தேன் என்று சொல்ல வேண்டும். டம்ளரைப் பார்த்துக்கொண்டு, காது கொடுக்காமல், வரிசையை மனக்கணக்காகப் போட்டு… எழுபத்து நான்கு வயதில், ஒரு சின்னப் பெண்ணிடம், நான் முட்டாள், கோழை என்று. சீதா வேறு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பஸ் ஸ்டாப் காட்சி கொஞ்சம் நீளமோ என்று பட்டது" என்றேன்.

என் வாயா சொன்னது? அந்தப் படத்தில் எனக்கு முழுதாக நினைவில் நிற்பது அந்தக் காட்சிதான். பொய்க்கு ஒன்று தேடினபோது அதுதான் கைக்கு அகப்பட்டது. மீன்காரி அலுமினியச் சட்டியோடு சாலையோரம் நிற்கிறாள். பஸ் வருகிறது, வேகம் குறைகிறது, சட்டியைப் பார்த்ததும் போய்விடுகிறது. இன்னொன்று. இன்னொன்று. காமிரா அவளை விட்டு நகர்வதே இல்லை. அவள் திட்டவில்லை, அழவில்லை. வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவுகிறாள். அடுத்த பஸ்ஸும் போனதும் லேசாகச் சிரித்துக்கொள்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் தியேட்டரில் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

அபிஷா குறித்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு சம்சயம் உண்டு சார். எங்கம்மாங்கறதால நான் வெட்டாம விட்டுட்டேனோன்னு. நீங்க சொன்னாத்தான் தெளியுது."

காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

2 மார்ச், ஞாயிறு

அவளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். என் தமிழ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போய் நின்றுவிட்டது.

23 ஏப்ரல், புதன்

அபிஷா போன் செய்தாள். ஓடிடிக்காரர்கள் படத்தை எடுத்துக்கொள்கிறார்களாம்.

"பஸ் ஸ்டாப்பை எடுத்துட்டேன் சார். இப்பம் கச்சிதமா இருக்குன்னு சொல்லுதாங்க. நாளைக்கு அனுப்பணும். அனுப்புறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை. எடுத்தது சரிதான, சார்?"

வேண்டாம், திரும்பச் சேர்த்துவிடு. இவ்வளவு சின்ன வாக்கியம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சேர்த்தால், ஓடிடிக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டால்? அதற்கும் நான்தானே காரணமாவேன்? இது நியாயமான யோசனையா, இல்லை பயமேதான் நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததா?

"அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"வருத்தந்தான். அவ பங்குல பாதி அதுலதான இருந்துச்சு. 'சார் படிச்சவரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், எடுத்துரு'ன்னுட்டா."

சரிதான் என்றேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டபின் சீதா டிவியில் படத்தைப் போட்டாள். பேரன் போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறான். தொடக்கத்தில் நன்றி என்று வரிசையாகப் பெயர்கள். பங்குச் சாமியார், வள்ளக்காரர்கள், அவர்களுக்குப் பிறகு தனியாக: 'பேராசிரியர் அனந்தநாராயணன்'.

"ஏன்னா! உங்க பேர்!" அப்படியே நிறுத்தி, செல்போனில் படம் பிடித்து, பிள்ளைகளுக்கும் தங்கைகளுக்கும் அனுப்பினாள். எல்லோரும் கைகூப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிறகுதான் படம் ஓடியது.

ஃபிளோரா அலுமினியச் சட்டியோடு சாலையோரத்துக்கு வந்தாள். தூரத்தில் பஸ் தெரிந்தது. அடுத்த காட்சியில் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பரவால்லையே, மீன்கூடையோட நின்னாலும் உடனே ஏத்திண்டுடறான்" என்றாள் சீதா.

"ஆமாம்" என்றேன்.