நாற்பத்தொன்றும் நூற்றுப்பதினெட்டும்

வெள்ளைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு,
வட்டகொடை.
26.01.2025

என் அன்புச் சுலாவுக்கு,

நம் பள்ளி ஜீவராஜ் சேர் யாழ்ப்பாணம் போய்வந்தபோது கையோடு கொண்டுவந்த உன் கடிதத்தை பஸ்ஸில் நின்றபடியே படித்துவிட்டேன். விடுதியில் தொலைபேசி வைத்திருக்க விடமாட்டார்கள் என்றால் என்ன, கடிதம் எழுதுவோம். எனக்கு இதுவும் பிடித்திருக்கிறது. இங்கே ஒரே பனி. எதிர் மலையைக் காணவில்லை.

செய்தி என்னவென்றால், போட்டிக்கு நாம் எடுத்த நொதிப் புரதம் ஏன் கொதிக்கும் சூட்டிலும் குலையாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்!

தினமும் பள்ளிக் கணினி அறையில் என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டார். "புரதம்ங்கிறது மணி கோத்த மாலை மாதிரிம்மா. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம், அதுக்கு ஒரு நம்பர். மாலையைச் சுருட்டிக் கையில வச்சா, தூரத்துல இருந்த மணி ரெண்டு கிட்ட வந்து ஒட்டும்ல? எது எதோட ஒட்டுதுன்னு பாக்குறேன்" என்றேன். "ஒட்டுனா என்ன, ஒட்டாட்டி என்ன? மொதல்ல அரிசியக் களைஞ்சு வையி" என்றார்.

ஒட்டினால் என்ன என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு அணுவும் இருக்கும் இடம் கணினிக் கோப்பில் எண்ணாக இருக்கிறதல்லவா? தூரங்களைக் கணக்கிட்டு, நாலரை ஆங்ஸ்ட்ரோமுக்குள் வரும் சோடிகளை மட்டும் அட்டவணையாக்கினேன். 41ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலமும் 118ஆம் இடத்து ஆர்ஜினைனும் தொட்டுக்கொண்டிருக்கின்றன! ஒன்று எதிர் மின்னேற்றம், மற்றது நேர் மின்னேற்றம். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல் அந்தச் சோடிதான் புரதத்தைப் பூட்டி வைத்திருக்கிறது.

கோப்பில் அதே புரதம் ஏ, பி என்று இரண்டு பிரதியாக இருந்தது. இரண்டும் ஒன்றுதானே, எழுத்து எதற்கு என்று அட்டவணையில் அந்த எழுத்து நிரலை நீக்கிவிட்டேன். இங்கே எல்லா லய வரிசையிலும் மூன்றாம் அறை இருந்தாலும், மூன்றாம் காம்பரா என்றால் அது எங்கள் வீடு. எந்த லயம் என்று யார் கேட்கிறார்கள்?

போட்டியின் இறுதிச் சுற்று அறிக்கையை மார்ச் முதல் வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். தேறினால் விடுமுறையில் நாம் இருவரும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் பயிற்சிக்குப் போகலாம். நீ இங்கே இருந்தபோது ரயில் மேடையில் உட்கார்ந்து எத்தனை தடவை பேசியிருப்போம்! அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். சரிபார்த்து உடனே எழுது.

உன்
லோஜினி

*

வட்டகொடை
16.02.2025

அன்புள்ள சுலா,

சுகமாக இருக்கிறாயா? காய்ச்சலா? பரீட்சையா? ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும் என்று உனக்குத் தெரியும். காலைப் பெரட்டில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும்போது, கிளாக்கரையா பேர் சொல்லிக் கடிதங்களையும் கொடுப்பார். அம்மா தினமும் கேட்கிறார். நானும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்டேன். "லோஜினிக்குக் கடுதாசி வந்திச்சு, குடுத்தாச்சே" என்றார். எது என்று கேட்டதற்கு, "அது போன மாசமா இருக்கும். தள்ளு, வேலை கெடக்கு" என்றார். போன மாதம் எனக்கு எதுவும் வரவில்லை. அவருக்கு எல்லா மாதமும் ஒன்றுதான்.

ஜீவராஜ் சேர் உன் விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். பெற்றோருடன் மட்டும்தான் பேச விடுவார்களாம்.

அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். தாழ்ப்பாள் பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நீ பார்க்காமல் அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது சுலா. உன் கண்ணில் படாத பிழை இதுவரை இருந்ததில்லை. உன் கையெழுத்தும் வேண்டும்.

எழுதுவாய்தானே?

லோஜினி

*

வட்டகொடை
02.03.2025

சுலக்ஷனாவுக்கு,

நாளைக்கு அறிக்கை தபாலில் போகிறது. இரண்டு கையெழுத்து இல்லாமல் இரண்டு பெயரையும் போட முடியாது என்றார் ஜீவராஜ் சேர். "இன்னும் ரெண்டு நாள் பொறுப்பமா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உன் பேரை வெட்டிவிட்டேன்.

உன் புதுப் பள்ளிக்கூடத்தில் பெரிய ஆய்வுகூடம் இருக்கும். எங்கள் பழைய கணினி உனக்கு எதற்கு? இடமாற்றம் கிடைத்து லொறியில் சாமான் ஏற்றிய அன்று உன் அப்பா சொன்னாரே, "அப்பாடா, இனியெண்டாலும் பிள்ளைக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம்" என்று. நான் பக்கத்தில்தான் உன் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உன் அப்பா சிவராசா சேர் எனக்குக் கணிதம் படிப்பித்தவர் என்பதால் பெட்டியை ஏற்றிவிட்டு வந்தேன்.

நீங்கள் எல்லோரும் அப்படித்தான். இங்கே இருக்கும்வரை ஒன்றாகச் சாப்பிடுவீர்கள். போய்விட்டால் நாங்கள் தோட்டக்காட்டார்.

இனி நீ எழுத வேண்டாம்.

லோஜினி

*

(கைக்கு வந்தது: 09.03.2025 — லோ.)

மகளிர் விடுதி, யாழ்ப்பாணம்.
04.02.2025

என்ர லோஜிக்கு,

இண்டைக்கு விடுமுறை. காலையில் இருந்து உன் அட்டவணையோடுதான் இருக்கிறேன். துள்ளாமல் ஒருக்கா நில்லு.

41உம் 118உம் ஒரே பிரதிக்குள் தொடவே இல்லை. ஏ-க்குள் பார்த்தேன், பி-க்குள்ளும் பார்த்தேன், ஒன்று ஒரு கரை, மற்றது மறு கரை. தொடுவது ஏ-யின் 41உம் பி-யின் 118உம், கீழே படமாக வரைந்திருக்கிறேன். நீ எழுத்தை நீக்கியதால் இரண்டு வீட்டு ஆட்கள் ஒரே வீட்டில் இருப்பதுபோல் தெரிந்திருக்கிறது.

அழாதே. நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். இது இன்னும் வடிவான முடிவு லோஜி! அது தன்னைத் தானே பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரித்து எடுத்தால் இரண்டுமே சூட்டில் குலைந்துவிடுமோ? அதை ஒரு கேள்வியாக எழுதுவோம். தாழ்ப்பாளை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடு. இப்படியே அனுப்பினால் நடுவர்கள் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேறு தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே எனக்கு ஒருவரும் இல்லை. வாய் தவறி மலையகப் பேச்சில் 'இருக்காங்க' என்று சொன்னால் சிரிக்கிறார்கள். 'தோட்டத்துப் பிள்ளை' என்று பேரும் வைத்தாயிற்று. கோபம் வரவில்லை, உன் நினைவுதான் வந்தது. அப்பாவிடம் திரும்பி வட்டகொடைக்கே வருகிறேன் என்று கேட்டேன். ஏசினார்.

உன் லய இலக்கம் நினைவில் இல்லை. பேரையும் தோட்டத்தையும் போட்டால் போதும், பெரட்டில் கூப்பிட்டுத் தருவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய், அதை நம்பி அனுப்புகிறேன்.

என்றும் உன்
சுலா

*

மேற்பிரிவு, 5ஆம் லயம், 3ஆம் காம்பரா
09.03.2025

சுலா, என் சுலா,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது.

கீழ்ப்பிரிவில் பழனியாண்டி மாமாவின் மகளும் ஒரு லோஜினி. எனக்கு மூத்தவள், கொழும்பில் துணிக்கடையில் வேலை. கிளாக்கரையா பேரைக் கூப்பிட்டதும் மாமா மகளுக்குத்தான் என்று வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு நேற்றுத்தான் அந்த அக்கா வந்தாள். பிரித்துப் பார்த்து, "ஆத்தாடி, யாரு எனக்குக் கணக்குப் பாடம் எழுதி அனுப்புனது!" என்று சிரித்துக்கொண்டே மேலே கொண்டுவந்தாள். மாமாவும் வந்தார். "எம்புள்ளைக்கு வந்த கடுதாசிய நான் எப்புடிம்மா பிரிக்கிறது?" என்றார். அவர் மேல் குறை இல்லை. எந்த லயம் என்று யார் கேட்கிறார்கள் என்று எழுதியவள் நான்.

உனக்கு என் மார்ச் 2 கடிதம் கிடைத்திருக்கும். கிடைக்காமல் போயிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தோட்டக்காட்டார் என்ற சொல்லை நான் உனக்கு எழுதினேன். அதே தோட்டத்தைச் சொல்லித்தான் அங்கே உன்னைக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அறிக்கை போய்விட்டது, தாழ்ப்பாளோடு. ஜீவராஜ் சேர் போட்டி அலுவலகத்துக்குப் பேசினார். அறிக்கையை மாற்ற முடியாதாம். வெட்டிய பேரைத் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் பெப்ரவரியில் போட்ட கையெழுத்து போதாது, இப்போது நீயே சம்மதித்துப் புதிதாகக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். 29ஆம் திகதி கொழும்பில் இறுதிச் சுற்று. அதற்குள் அது என் கையில் இருக்க வேண்டும்.

சிவராசா சேரிடம் கேட்கும்படி ஜீவராஜ் சேர் சொல்கிறார். அவரைப் பற்றி எழுதிய பிறகு எந்த வாயால் கேட்பேன்? உன்னிடம்தான் கேட்கிறேன். திட்டி ஒரு பக்கம் எழுது. அடியில் கையெழுத்துப் போடு.

முகவரியை மேலே முழுதாக எழுதியிருக்கிறேன்.

லோஜி

*

மேற்பிரிவு, 5ஆம் லயம், 3ஆம் காம்பரா
06.04.2025

அன்புள்ள சுலா,

கொழும்புக்குப் போய்வந்தேன். ரயிலில் நீ கடிதத்தில் வரைந்த படத்தைத் திரும்ப வரைந்தேன். ஏ சிவப்பு, பி நீலம். நடுவில் 41உம் 118உம்.

என் முறை வந்ததும், "அறிக்கையில் உள்ள முக்கியமான முடிவு பிழை" என்றுதான் ஆரம்பித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். படத்தைக் காட்டி, நீ எழுதியபடியே சொன்னேன். நடுவரில் ஒரு பேராசிரியர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, "இந்தப் பிழையைக் கண்டுபிடிச்சது ஆர்?" என்று கேட்டார்.

"என் கூட்டாளி சுலக்ஷனா, மிஸ்."

"அவவின்ர பேர் இதில இல்லையே?"

"நான்தான் வெட்டிட்டேங்க, மிஸ்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேர் சேர்க்கக் கடிதம் கொண்டுவந்தனீரோ?" என்றார். இல்லை என்றேன். பிறகு படத்தைக் கையில் வாங்கி நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சரியான வேலை. ஆனா எங்களுக்கு வந்த அறிக்கைக்குத்தான் புள்ளி போடலாம்" என்றார். தேர்வானவர்களில் நான் இல்லை. படத்தின் அடியில் உன் பேரை முதலிலும் என் பேரைப் பிறகும் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் கடிதம் வரவில்லை. இந்த முறை வழிதவறிப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் ஒரு லயம் விடாமல் கேட்டுவிட்டேன். கிளாக்கரையா என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரிக்கிறார். "நாம எழுதுனத நாமதான் தாங்கணும்டி" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் பெரட்டில் கேட்பதில்லை.

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான். ஆகவே எழுது என்று இப்போது கேட்கவில்லை. நடந்ததை நீ என்னிடமிருந்து அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கீழ்ப்பிரிவு லோஜினி அக்கா, தன் பேருக்கு எது வந்தாலும் இனிப் பிரிக்காமல் மேலே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். நேற்று மழையோடு ஒன்றைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். கொழும்புத் துணிக்கடைக்காரர் அனுப்பியது, அவளுக்குத்தான். நான் இரண்டு கையாலும் வாங்கி, உறையில் இருந்தது உன் எழுத்து இல்லை என்று கண்டு, திருப்பிக் கொடுத்தேன்.

லோஜினி