எல்லாச் சேவைகளும் இயங்குகின்றன

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று ஒரே ஒரு வார்த்தைக்காக முக்கால் மணி நேரம் மீட்டிங். ‘தடைபட்டது’ என்று நான் எழுதியிருந்தேன். எங்கள் மேலாளர் லிங்கேஸ்வரன் சாருக்கு அது உறுத்தியது. ‘மெதுவாக இருந்தது’ என்று போடலாமே என்றார். மெதுவாக இல்லை சார், நின்றே போய்விட்டது என்றேன். “ஷாஜியா, நீங்க இன்ஜினியர் இல்ல. நீங்க கம்யூனிகேஷன்.” சென்னையில் உட்கார்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டே.

மத்தியானம் அம்மா போன். “நீ அங்கன மாடியில உக்காந்து என்னதான்டி பண்ற?” வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற இந்த ஆறு வருஷமாகக் கேட்கிறாக. ஆஸ்பத்திரி, காலேஜ், கடையெல்லாம் தங்கள் சாஃப்ட்வேரையும் கோப்புகளையும் எங்கள் கம்பெனி சர்வரில் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கிளவுட் என்று பெயர். அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அவர்கள் பார்ப்பதற்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதுவது நான் என்றேன். சேமிப்பு, டேட்டாபேஸ், லாகின் என்று பதினாறு சேவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு புள்ளி.

“அப்ப நின்னுச்சுன்னா செகப்புப் போடுவ.”

“ஆமாம்மா.”

பொய். பட்டன் என் கையில்தான். ஆனால் பச்சையை மாற்ற லிங்கேஸ்வரன் சார் ஒப்புதல் தர வேண்டும். ரெண்டு வருஷமாக ஒரு தடவைகூட அவர் சிவப்புக்கு ஒப்புதல் தந்ததில்லை. எத்தனை தடவை நின்றது என்று எனக்குத் தெரியும்.

14 ஆகஸ்ட்

‘சில வாடிக்கையாளர்கள்’ என்றால் எல்லாரும். ‘கவனித்து வருகிறோம்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் தமிழே கெட்டுப்போகிறது. ரசம் உப்பு கரிக்குது என்று என் வீட்டுக்காரர் அல்தாப் சொன்னதற்கு, “கவனத்துல எடுத்துக்கிறேன்” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

காலை 7.40க்கு லாகின் சேவை விழுந்தது. அது விழுந்தால் மற்ற பதினைந்தும் இருந்து பிரயோஜனமில்லை. வீடு இருக்கிறது, சாவி இல்லை என்கிற மாதிரி. யாரும் உள்ளே போக முடியாது.

7.52க்கு லிங்கேஸ்வரன் சாருக்கு எழுதினேன்: சிவப்புப் போடட்டுமா? ‘பொறுங்க.’ 8.15க்கு மறுபடி. ‘டீம் பாத்துட்டு இருக்கு.’ ஒன்பதுக்குப் போனே பண்ணினேன். “ஒரு பேங்க் நம்மகிட்ட வரப்போகுது, இந்த வாரம்தான் முடிவு பண்றாங்க. அவங்க மொதல்ல பாக்குறதே இந்தப் பக்கத்தைத்தான். புரியுதா?” புரிந்தது.

11.20க்கு மஞ்சளுக்கு ஒப்புதல் வந்தது. ‘சில வாடிக்கையாளர்களுக்கு லாகினில் லேசான தாமதம் இருக்கலாம்.’ 11.55க்குச் சரியாகிவிட்டது. நாலே கால் மணி நேரத்தில் மூணு மணி நாற்பது நிமிஷம் பச்சை. நான் வைத்த பச்சை.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் மாமா தேனியிலிருந்து வந்தாக. அல்தாப்போட அத்தா. மீரான் மைதீன் என்றால் எங்கள் ஊர்ப் பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் எல்லாருக்கும் தெரியும், முப்பது வருஷம் திராட்சை ஏவாரம் பார்த்தவுக. இப்போது கிட்னி கெட்டு, செவ்வாயும் வெள்ளியும் தேனி சென்டரில் டயாலிசிஸ். எப்போதும் ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாக. இன்றைக்கு முகம் கறுத்து, கால் வீங்கி, படியேற முடியாமல் வாசலிலேயே நின்றாக.

“என்ன மாமா இம்புட்டு நேரம்?”

“கம்ப்யூட்டர் தொறக்கலம்மா. என் ஒடம்புல இருந்து எம்புட்டுத் தண்ணி எடுக்கணும், என்ன ஊசி போடணும்னு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்காம். அது இல்லாம கை வைக்க மாட்டேன்னுட்டா அந்த நர்சு. கேபிள்காரன் வந்தான், ஒயர மாத்துனான். ஒண்ணும் ஆகல.”

“டாக்டரக் கேட்டு ஆரம்பிச்சிருக்கலாமே?”

“இந்தா வந்துரும் இந்தா வந்துரும்னு உக்காந்துட்டாக. கம்பெனியில எல்லாம் பச்சையா இருக்காம். அப்ப நம்ம லைன்லதான கோளாறுன்னு...”

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எங்கள் கிளவுட். அவுக சென்டரின் சாஃப்ட்வேர் எங்கள் கிளவுடில் ஓடுகிறது. இத்தனை நாளும் கேட்கவேண்டுமென்றுகூட எனக்குத் தோணவில்லையே.

20 ஆகஸ்ட்

மாமாவுக்கு இன்று பரவாயில்லை. கஞ்சி குடித்தாக. “அந்தப் பவுனுதான் பாவம்” என்றாக. பக்கத்துக் கட்டிலில் அடுத்த முறைக்காரி, மயிலாடும்பாறை. புருஷன் இல்லை, தனியாக பஸ் மாறி வருகிறவள். அவளுடைய முறை பதினோரு மணிக்கு. காலை ஆட்களே முடியாததால் நாலு மணி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். இருட்டினால் ஊருக்குப் பஸ் கிடைக்காது என்று அப்படியே எழுந்து போய்விட்டாளாம்.

டயாலிசிஸ் பண்ணாமலா?

பண்ணாமல்தான்.

22 ஆகஸ்ட், வெள்ளி

பவுனு வரவில்லை. புதன்கிழமை ராத்திரியே மூச்சுத் திணறி ஆம்புலன்சில் ஏற்றினார்களாம். நுரையீரலில் தண்ணி. ஐ.சி.யு.வில் இருக்கிறாள். பதினோரு மணிக்கு மேல் காலியாகக் கிடந்த அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன் என்று மாமா சொன்னாக.

23 ஆகஸ்ட்

சனிக்கிழமையும் வேலை. செவ்வாய் நடந்ததற்கு அறிக்கை எழுதணும்.

சூரியபிரகாஷைக் கூப்பிட்டேன். லாகின் பகுதிக்குப் புரோகிராம் எழுதுகிற பையன்... பையன் என்ன, முப்பது வயசு. போடிநாயக்கனூர்க்காரன், என்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறவன். “அக்கா, தன்னைத்தானே சரிபண்ணிக்கிற சேவைன்னு ஒண்ண இருபதாந்தேதி வெளியிடணும்னு மேல குதிச்சாங்க. அதுக்கு லாகின்ல கை வச்சாகணும். டெஸ்ட் பண்ண ரெண்டு வாரம் கேட்டேன். ரெண்டு நாள் குடுத்தாங்க.”

அதை அப்படியே எழுதினேன். மூணு மணி நாற்பது நிமிஷம் பக்கம் தவறாகக் காட்டியது என்பதையும் எழுதினேன். ஒரு டயாலிசிஸ் சென்டர் நின்றது என்றும்.

லிங்கேஸ்வரன் சாரிடமிருந்து திரும்பி வந்தது. ‘போதிய சோதனையின்றி’ – அடித்தாகிவிட்டது. ‘தவறாகக் காட்டியது’ – அடித்தாகிவிட்டது. டயாலிசிஸ் பத்தி முழுசும் போய், அந்த இடத்தில்: ‘எங்கள் குழுவின் துரிதமான நடவடிக்கையால் பாதிப்பு குறைவாகவே இருந்தது.’

கீழே என் பெயர்.

28 ஆகஸ்ட்

பேங்க் கையெழுத்துப் போட்டுவிட்டது. வீடியோவில் எல்லாரும் கை தட்டினார்கள். புதுச் சேவைக்கு கேக் வெட்டினார்கள். அப்புறம் லிங்கேஸ்வரன் சார் என் பெயரைச் சொன்னார். நெருக்கடியில் நிதானமாக வாடிக்கையாளரிடம் பேசியதற்கு இந்த மாத விருது. திரையில் என் போட்டோ, சுற்றி காகிதப் பூ பறக்கிறது. கேமராவை அணைக்கக்கூடாது என்பதால் சிரித்தேன். அந்தச் சிரிப்பு திரையின் ஓரத்தில் எனக்கே தெரிந்தது. சீ.

முகம் கழுவினேன். ரெண்டு தடவை.

2 செப்டம்பர், செவ்வாய்

மாமாவோடு டயாலிசிஸ் சென்டருக்குத் துணைக்குப் போனேன். நர்ஸ் தேவயானி சின்னப் பெண், இருபத்தாறு இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பவுனுவின் மகன் வந்து எல்லார் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டுப் போனானாம். “எங்காத்தா செத்தா ஒன்னையத்தான் கேப்பேன்னு சொன்னாரு அக்கா. நான் என்ன பண்ணுவேன்? இதப் பாருங்க.” போனை நீட்டினாள். அன்றைக்குக் காலையில் எடுத்து வைத்த படம். எட்டு ஐம்பது. பதினாறு பச்சைப் புள்ளி. மேலே என் வரி: எல்லாச் சேவைகளும் இயங்குகின்றன.

“இத நம்பித்தான் அக்கா உக்காந்திருந்தோம். கோளாறு அவங்க பக்கம்னு தெரிஞ்சிருந்தா அப்பவே டாக்டருக்குப் போன் போட்டு, பழைய பேப்பர் சீட்டெல்லாம் தேடி எடுத்து ஆரம்பிச்சிருப்பேன்.”

“அப்படியா” என்றேன்.

அப்படியா! அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. அவள் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து தந்தாள். குடித்தேன்.

3 செப்டம்பர்

அல்தாப்பிடம் சொன்னேன். கடையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்தார். அப்புறம், “நீ வைக்கலைன்னா இன்னொருத்தன் வச்சிருப்பான். அதப் போட்டு மனச ஒழப்பிக்காத” என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்னொருத்தன் வைக்கவில்லையே. நான்தானே வைத்தேன்.

11 செப்டம்பர்

பவுனுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ரொம்பத் தளர்ந்துபோய்விட்டாளாம்.

26 செப்டம்பர்

சூரியபிரகாஷ் பேசினான். பழைய ஓட்டை அப்படியே இருக்கிறதாம், மேலே ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார்களாம். அக்டோபர் முதல் வாரம் இன்னொரு புதுச் சேவையை ஏற்றப் போகிறார்கள். “மறுபடி விழும் அக்கா. எழுதிக் குடுத்துட்டேன். படிச்சாங்களான்னு தெரியல.”

விற்பனைக்காரர்கள் அனுப்பிய புது விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தேன். அட்டையில் மலையும் மேகமும். ‘ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை.’ எந்த நாக்கால் இதைச் சொல்கிறார்கள்?

7 அக்டோபர், செவ்வாய்

நிதானமாக எழுதணும்.

காலை 8.04. லாகின். அதேதான். எச்சரிக்கை மேலே எச்சரிக்கை வந்து விழுகிறது. மாமா ஆறேகால் பஸ்ஸில் போனவுக, இந்நேரம் கட்டிலில் படுத்திருப்பாக.

லிங்கேஸ்வரன் சாருக்கு எழுதினேன். ‘பொறுங்க.’

8.13க்குச் சிவப்புப் போட்டேன். பதினாறுக்கும். யாரையும் கேட்கவில்லை. கீழே எழுதினது: ‘லாகின் வேலை செய்யவில்லை. கோளாறு எங்கள் பக்கம். உங்கள் இணைப்பைச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்போது சரியாகும் என்று எங்களுக்கே இன்னும் தெரியாது. கையால் செய்ய முடிந்ததைக் கையால் செய்யுங்கள்.’

8.17க்குப் போன்.

“ஷாஜியா, என்ன பண்ணிட்டு இருக்கீங்க? ஒடனே எடுங்க.”

“நின்னுபோச்சு சார். அதத்தான் போட்டிருக்கேன்.”

“அதச் சொல்றது உங்க வேலை இல்ல!”

“அப்ப என் வேல என்ன சார்? ஆறு வருஷமா எங்கம்மாவும் அதத்தான் கேக்குறாக. ஆஸ்பத்திரியில ஆளுக உக்காந்திருக்காக. ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? போன தடவ ஒரு பொம்பள சாகக் கெடந்தா சார். நீங்க கேக்கு வெட்டுனீக.”

பிறகு மெதுவாக, “எமோஷனலா இருக்கீங்க. லீவு எடுத்துக்கோங்க” என்றார்.

8.41க்கு என் கடவுச்சொல் செல்லாமல் போனது. யாரோ மஞ்சளாக்கினார்கள். இருபத்தெட்டு நிமிஷம் சிவப்பு இருந்தது.

8 அக்டோபர்

ராஜினாமாக் கடிதத்தை அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக.’ மொழிநடை பரிச்சயமாக இருந்தது. இப்படி எழுதுவதற்கு ஆட்களைப் பழக்கியதே நான்தான். காரணத்தை அடித்துவிட்டு, நடந்ததை நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அது அவர்கள் பாடு.

அல்தாப் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். மாமி ரம்லத் மட்டும், “வேலைய விட்டுட்டா இனி மாடியில எதுக்குத்தா பேன் ஓடுது?” என்றாக. நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன்.

10 அக்டோபர், வெள்ளி

செவ்வாய்க்கிழமை மாமா வழக்கம்போல ஒரு மணிக்கு வந்திருந்தாக. எனக்கிருந்த பதற்றத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. இன்றுதான் கேட்டேன்.

“அன்னைக்கும் கம்ப்யூட்டர் படுத்துருச்சும்மா. ஆனா கோளாறு அவுக பக்கம்னு அவுகளே போட்டுட்டாகளாம். தேவயானி ஒடனே டாக்டரக் கூப்புட்டுக் கேட்டு, பேப்பர்ல எழுதி ஆரம்பிச்சுட்டா. ஒரு ஆளும் திரும்பிப் போகல.”

மாமாவிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆகஸ்ட் உள்பட. கேட்டுக்கொண்டே இருந்தாக. “அன்னைக்கு நான் வாசல்ல நின்னப்பவே ஒனக்குத் தெரியுமா?” என்றாக. ஆமா என்றேன். எழுந்து தொழப் போய்விட்டாக. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. – இதை ஞாயிற்றுக்கிழமை சேர்க்கிறேன்.

27 அக்டோபர்

இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். அங்கே படிக்கிற பாத்திமா என்று ஒருத்தி, என் பழைய கம்பெனியில் சேரணும் என்பது அவள் ஆசையாம். பெருமையாகச் சொன்னாள்.

சூரியபிரகாஷ் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பக்கம் பச்சையாம்.

10 நவம்பர், திங்கள்

மயிலாடும்பாறைக்குப் போய்விட்டு வந்தேன். தனியாக.

பவுனு அக்கா வெங்காயத்தாளைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீரான் பாய் மருமகள் என்றதும், “அய்யோ, வா ஆத்தா, அவுக நல்லாருக்காகளா?” என்று எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். பச்சை, சிவப்பு எல்லாம் அவளுக்கு எப்படிப் புரியும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனது வீண். ஒரே மூச்சில் புரிந்துகொண்டாள்.

“மிஷின் கெட்டுப்போனது ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நல்லாருக்குன்னு எழுதிப் போட்ட.”

“ஆமாக்கா.”

“நான் அந்த நர்சுப் புள்ளையத்தான இம்புட்டு நாளும் வஞ்சுக்கிட்டு இருந்தேன்!”

அப்புறம் என்னை வைதாள். சும்மா இல்லை, தெரு கேட்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது, நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். ஐ.சி.யு.வில் மூக்கில் குழாயோடு கிடந்ததை, மகன் கட்டடவேலையை விட்டுவிட்டு வராந்தாவில் படுத்திருந்ததை எல்லாம் சொல்லிச் சொல்லி வைதாள். நான் எழவில்லை. மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வரியையும் சொல்லவில்லை. அதை நினைத்தாலே எனக்கு நாக்குக் கூசியது.

ஓய்ந்ததும் தண்ணி கொடுத்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டாள்.

“அந்தப் புள்ளகிட்டச் சொல்லிரு. பவுனு வஞ்சது தப்புன்னு சொன்னான்னு. ஏன்னு கேட்டா, நீயே சொல்லு.”

நாளைக்குச் செவ்வாய். கம்ப்யூட்டர் சென்டருக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆறேகால் பஸ்ஸுக்கு மாமாவோடு நானும் கிளம்புகிறேன். தேவயானி ஏழு மணிக்கெல்லாம் டூட்டிக்கு வந்துவிடுவாளாம்.